உருண்டோடிய வருஷங்கள்

என்னுடைய நாவல் ஒன்றில், ஒன்பதாம் அத்தியாயத்தின் முடிவில், 12 வயதுப் பையன் ஒருவன் படித்துறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பான். பத்தாம் அத்தியாயம், 'ஐந்து வருஷங்கள் உருண்டோடின' என்று ஆரம்பமாகும். அடுத்த வாக்கியத்தில் அவனுக்கு மீசை அரும்பியிருக்கும். கையில் கல்லூரிப் புத்தகங்கள் இருக்கும். மூன்றாம் பக்கத்தில் காதல் வந்துவிடும். எழுதிய காலத்தில் இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பத்திரிகையில் தொடராக வந்தபோதும் சரி, புத்தகமானபோதும் சரி, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு சிற்றூர் நூலகத்தில் வாசகர்களோடு பேசப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து எல்லாரும் காப்பிக்கு எழுந்தபோது ஓர் அம்மாள் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கியபடி வந்தாள். விரலை ஒரு பக்கத்தில் அடையாளமாக நுழைத்திருந்தாள்.

"இந்த அஞ்சு வருஷத்தையும் எங்கே சார் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"என் பையனுக்குப் பதினாலு வயசு. அவன் இப்போ இந்த அஞ்சு வருஷத்துக்குள்ளேதான் இருக்கான். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கிட்டுப் போய் அறையைச் சாத்திக்கிறான். என்னடான்னு கேட்டா ஒண்ணுமில்லேங்கிறான். உள்ளே என்ன நடக்குதுன்னு கதை எழுதறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். திருப்பினா, உருண்டோடிடுச்சுன்னு போட்டிருக்கு."

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நாவலின் கட்டுக்கோப்பு, கதையின் வேகம் என்றெல்லாம் பேசியதாக ஞாபகம். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அன்று இரவு பஸ்ஸில் திரும்பும்போது, அவளுக்குக் கொடுக்க வேண்டிய பதிலை யோசித்துக்கொண்டே வந்தேன். இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கான முயற்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

குற்றவாளி நான் ஒருவன் மட்டும் அல்ல என்பது முதலில் தோன்றிய ஆறுதல். நம்முடைய கதைகளில் குழந்தைகள் நிறைய உண்டு. காதலர்கள் அதைவிட நிறைய உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருப்பவனைத்தான் காணோம். சினிமாவில் ஒரு பையன் ஓடுவான். ஓடுகிற கால்களை மட்டும் காட்டுவார்கள். கேமரா மேலே போகும்போது கதாநாயகன் நிற்பான். பார்த்துப் பார்த்து நமக்கு அது பழகிவிட்டது. ஓடும் கால்கள் எந்த வயதில் எந்தத் தெருவைத் தாண்டின என்று நாம் கேட்பதில்லை.

இது இன்று நேற்று வந்த வழக்கமுமில்லை. பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் குழந்தையை எவ்வளவு நுட்பமாகப் பார்த்தார்கள்! மூன்றாம் மாதத்தில் தொடங்கி இருபத்தோராம் மாதம் வரை, இரண்டிரண்டு மாதத்துக்கு ஒரு பருவமாகப் பத்துப் பருவங்கள் வகுத்தார்கள். குழந்தை தலை நிமிர்த்துவதற்கு ஒரு பருவம், கை கொட்டுவதற்கு ஒரு பருவம், தளர்நடைக்கு ஒரு பருவம். இரண்டு மாதக் கணக்கில் வளர்ச்சியை அளந்த அந்தக் கண்கள், அதே பிள்ளைக்குப் பதினான்கு வயதானபோது எங்கே போயின? பெண்ணுக்கு மட்டும் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பெயர்கள் வைத்தார்கள். எட்டிலிருந்து பதினொன்றுவரை பெதும்பை, பன்னிரண்டும் பதின்மூன்றும் மங்கை, பத்தொன்பதுவரை மடந்தை என்று கணக்கும் சொன்னார்கள். ஆனால் அந்த ஏழு பேரையும் நாம் அதிகமாகச் சந்திப்பது உலா நூல்களில். தலைவன் வீதியில் பவனி வருகிறான். ஏழு பருவத்தாரும் அவனைக் காண வருகிறார்கள். அதாவது, அவை வீதியில் போகிறவனை முன்னிட்டு வந்த பருவங்கள். பெதும்பை மங்கையாகிற அன்று அவளுக்கு வயிறு வலித்ததா, பயமாக இருந்ததா என்று உலா விசாரிப்பதில்லை.

இதற்கு ஒரு சமாதானமும் உண்டு. சமுதாயத்தில் இல்லாத ஒன்றை இலக்கியம் எப்படிக் காட்டும்? நம் ஆரம்பகால நாவலாசிரியர்கள் காலத்தில் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்குப் 'பருவம்' என்று தனியே ஒன்று கிடையாது. குழந்தை, மறுநாள் மனைவி, விதி சரியில்லாவிட்டால் அதற்கு மறுநாள் விதவை. மாதவையா 1903-ல் வெளியிட்ட 'முத்துமீனாக்ஷி'யின் வேதனையே அதுதான். 1891-ல் ஆங்கில அரசாங்கம் சம்மத வயதை 10-லிருந்து 12-க்கு உயர்த்தியபோது தேசமே அதிர்ந்தது. 1929-ல் வந்த சாரதா சட்டம் திருமண வயதைப் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வைத்தது. 1978-ல் அது 18 என்றும் 21 என்றும் ஆயிற்று. அதோடு பள்ளிக்கூடம் வந்தது. பத்தாவது, பன்னிரண்டாவது, கல்லூரி என்று நீண்டது. உடம்பு தன் காலத்தில் பெரியவனாகிவிடுகிறது. உலகமோ இன்னும் பத்து வருஷம் பொறு என்கிறது. நான் உருட்டிவிட்ட ஐந்து வருஷங்கள் வாழ்க்கையில் இவ்வளவு நீண்டுவிட்ட பிறகு, பழைய சமாதானம் செல்லாது.

அந்த வருஷங்களில் முதலில் நடப்பது உடம்பின் கதை. அதைக் கதாசிரியர்கள் வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் அவமானம் ஒன்றும் இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்குகிற பிட்யூட்டரி சுரப்பிக்கு, அதற்கு மேலே இருக்கும் ஹைபோதலாமஸ் என்ற பகுதியிலிருந்து விட்டுவிட்டு உத்தரவு வர ஆரம்பிக்கிறது. தொடக்கத்தில் அது பெரும்பாலும் இரவில், பிள்ளை தூங்கும்போது நடக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது. பிறகு வளர்ச்சி வேகம் பிடிக்கிறது. பெண்களுக்கு அது சுமார் 12 வயதிலும், பையன்களுக்குச் சுமார் 14 வயதிலும் உச்சத்துக்கு வருகிறது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் பையன் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் உயர்ந்துவிடுகிறான். அதிலும் ஒரு வரிசை இருக்கிறது. பாதமும் கையும் முதலில் பெருக்கின்றன. பிறகு கால் நீளுகிறது. உடல் கடைசியில் வந்து சேருகிறது. போன மாதம் வாங்கிய செருப்பு இந்த மாதம் கடிப்பதும், தண்ணீர்ச் செம்பைக் கை தட்டிவிடுவதும் அதனால்தான். "கண்ணு எங்கேடா இருக்கு?" என்று அப்பா கத்துகிறார். கண் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. கைதான் புது நீளத்துக்கு இன்னும் பழகவில்லை. குரல்வளை பெரிதாகிக் குரல் உடைகிறது. இரவில் தூக்கம் வரும் நேரம் தள்ளிப்போகிறது; காலையில் எழுப்பினால் எழுந்திருக்க முடிவதில்லை. இதற்கு வீட்டில் வைக்கும் பெயர் சோம்பேறித்தனம்.

இவ்வளவையும் விஞ்ஞானிகள் அளந்து எழுதுவதற்கு வெகு காலம் முன்பே ஒருவர் கண்டு எழுதியிருக்கிறார். ரவீந்திரநாத தாகூர் 1892-ல் எழுதிய 'விடுமுறை' என்ற சிறுகதையில், 13, 14 வயதுப் பையனைப் போல வேண்டாத ஜீவன் உலகத்தில் வேறு இல்லை என்று விஸ்தாரமாகச் சொல்கிறார். மழலை பேசினால் பாசாங்கு, பெரியவனைப் போலப் பேசினால் திமிர். சட்டைக்குள் அடங்காமல் வளர்ந்துவிட்டதுகூட அவன் செய்த குற்றமாகிவிடுகிறது. அன்புக்காக அவன் ஏங்குவது அந்த வயதில்தான். அன்பு காட்ட எல்லாரும் கூசுவதும் அப்போதுதான். கிராமத்தில் பையன்களுக்குத் தலைவனாக இருந்த படிக் என்ற சிறுவன், மாமனோடு கல்கத்தாவுக்குப் போகிறான். மூன்று பிள்ளைகளைப் பெற்ற மாமிக்கு நாலாவது ஒருவனைப் பிடிக்கவில்லை. ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்கிறான். விடுமுறை வரட்டும் என்கிறார்கள். மழையில் நனைந்து காய்ச்சலோடு திரும்பிக் கொண்டுவரப்படுகிறான்.

கதையின் தொடக்கத்தில் பையன்கள் ஆற்றங்கரையில் கிடக்கும் மரத்தை உருட்டுவார்கள். படிக்கின் தம்பி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். அவனையும் சேர்த்து உருட்டிவிடுவார்கள். இந்த விளையாட்டைத் தாகூர் தம் கண்ணால் பார்த்து ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். கடிதத்தில் மரத்தின்மேல் உட்கார்ந்தவள் ஒரு சிறுமி. கதையில் அவளைத் தம்பியாக மாற்றினார். ஏன் மாற்றினார் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சிறுமியாக இருந்தால் அது வெறும் வேடிக்கை. தம்பியாக இருக்கும்போது, இவனுக்கு இல்லாமற்போன ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கிறது. தாய் நம்புவது தம்பியை. இவன் கையை ஓங்கினால் அது அடி. தம்பி கையை ஓங்கினால் அது குழந்தைத்தனம். ஒரே வீட்டில், இரண்டு மூன்று வயது வித்தியாசத்தில், ஒருவன் உள்ளே இருக்கிறான், ஒருவன் வெளியே வந்துவிட்டான். பெரிய எழுத்தாளனின் கை அங்கேதான் தெரிகிறது.

ஆனாலும் மகாகவியிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. படிக்கைச் சாவின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தி, தாயை ஓடி வரச் செய்து, கதையை முடித்துவிட்டார். படித்தவர்கள் எல்லாரும் கண் கலங்குகிறோம். கண் கலங்குவதற்கு வசதியான பையன் அவன். அவன் பிழைத்து எழுந்து, பதினைந்து வயதாகி, மாமியிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தாயிடம்கூட எரிந்து விழுந்தால் நாம் அழுவோமா? நான் 'உருண்டோடின' என்ற ஒரு சொல்லால் அந்த வருஷங்களைத் தாண்டினேன். அவர் ஒரு காய்ச்சலால் தாண்டினார். அவருடையது இலக்கியம், என்னுடையது வழுக்கல். ஆனாலும் நூலகத்து அம்மாளின் கேள்விக்கு அந்தக் கதையிலும் பாதிப் பதில்தான் இருக்கிறது.

வீட்டைவிட்டு வெளியே வந்தவன் எங்கே போகிறான்? தன் வயதுப் பையன்களிடம் போகிறான். இந்த வயதின் சமூகம் பெரியவர்களுடைய சமூகத்தைவிடக் கொஞ்சமும் மென்மையானதல்ல. இதைத் தமிழில் தி. ஜானகிராமன் 'முள்முடி'யில் காட்டியிருக்கிறார். ஒரு பையனையும் கைநீட்டி அடித்தறியாத ஆசிரியர் ஓய்வு பெறுகிற நாள். மாலையும் மரியாதையுமாக வீட்டுக்கு வந்த பிறகு தெரிகிறது: திருடிவிட்ட மாணவன் ஒருவனோடு யாரும் பேச வேண்டாம் என்று எப்போதோ அவர் சொன்ன வார்த்தையை வகுப்பே சட்டமாக்கி, ஒரு வருஷமாக அவனை ஒதுக்கி வைத்திருக்கிறது. அடிக்காத ஆசிரியர் கொடுத்த அடி அது. அடித்திருந்தால் ஒரு நாளில் ஆறியிருக்கும். 14 வயதுப் பையனுக்கு அவனுடைய கூட்டம்தான் கண்ணாடி. கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவனுக்கு முகமே இல்லை. இன்று அந்தக் கூட்டம் வகுப்பு அறையோடு நிற்பதில்லை. கைபேசிக்குள் புகுந்து, சாத்திய அறைக்குள்ளும் கூடவே வருகிறது. ஜானகிராமன் சொன்ன தண்டனையைக் கொடுக்க இப்போது ஆசிரியர்கூட வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கதையையும் நாம் ஆசிரியரின் பக்கத்தில் நின்றுதான் பார்க்கிறோம். முள்முடி குத்துவது அவர் தலையில். அந்தப் பையனின் ஒரு வருஷம், மத்தியான இடைவேளையில் அவன் யாரோடும் உட்காராமல் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்த அந்த இருநூறு நாட்கள், கதைக்கு வெளியே கிடக்கின்றன. கதைக்கு அது குறையில்லை. ஆசிரியரின் கதையாகத்தான் அது எழுதப்பட்டது. மற்ற கதையை எழுத யாரும் வரவில்லை என்பதுதான் என் குறை.

பெண்ணின் விஷயம் வேறு. பையனின் குரல் உடைந்த நாளை யாரும் பஞ்சாங்கத்தில் குறித்துக்கொள்வதில்லை. பெண் பெரியவளாவதை ஊருக்கே சொல்கிறோம். தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டுகிறான், மஞ்சள் நீராட்டு, உளுத்தங்களியும் நல்லெண்ணெயும், சீர்வரிசைத் தட்டுகள், இப்போது தெரு முனையில் ஆளுயரத் தட்டியில் படம் வேறு. இவ்வளவு சத்தத்துக்கு நடுவே அந்தப் பெண்ணோடு பேசியவர்கள் எத்தனை பேர்? என்ன நடந்தது, ஏன் நடந்தது, இது நோயில்லை என்று நாலு வார்த்தை சொன்னவர்கள் எத்தனை பேர்? ஊர் கூடி மேளம் கொட்டுவதும் மௌனத்தில் ஒரு வகைதான் என்று எனக்குப் படுகிறது.

அந்த மௌனத்தை உடைத்த கதை, அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்'. 1971-ல் 'கசடதபற'வில் வந்தது. சொல்லுகிறவள் 13 வயதுப் பெண், கறுப்பு நிறம். அவளுக்கு அம்மாதான் தெய்வம், அம்மாதான் அழகு. அம்மா ஊரில் இல்லாத சமயத்தில் அவள் பெரியவளாகிறாள். சுற்றியிருப்பவர்கள் சடங்கு பேசுகிறார்கள். அவளுக்கு விளக்கம் சொல்ல ஆளில்லை. அம்மா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறாள். அம்மா வருகிறாள். உடன்பிறந்தவளின் மகளைப் பெண் பார்த்தவர்கள், நிறம் கறுப்பு என்று வேண்டாமென்ற செய்தியோடு வருகிறாள். அந்த மனச்சுமையில் பெண்ணைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்லுகிறாள். அவ்வளவுதான். கொலை நடந்துவிட்டது.

இதைப் படித்த சிலர், அந்தத் தாய் கொடுமைக்காரி என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் வாயில் பேசியது கல்யாணச் சந்தை. உடம்பு வளர்ந்தது அன்று. அந்த உடம்புக்கு ஊர் போட்ட விலை காதில் விழுந்ததும் அன்றே. தாகூரின் பையன் யாருக்கும் வேண்டாதவனாகிறான். அம்பையின் பெண்ணோ, வேண்டும் வேண்டாம் என்று பேரம் பேசப்படும் பொருளாகிறாள். இரண்டில் எது கடினம் என்று தராசில் வைக்க நான் தயாரில்லை. ஆனால் பிள்ளைகளைப் பற்றிய கதைகளில் இவ்வளவு சில பக்கங்களில் இவ்வளவு உண்மையைச் சொன்ன கதைகள் மிகக் குறைவு.

உடம்பு, கூட்டம் இரண்டையும் சொன்னேன். மூன்றாவது, 'நான் யார்?' என்ற கேள்வி. அதை ஒரு துறைச் சொல்லாகவே ஆக்கியவர் எரிக் எரிக்ஸன் என்ற மனோதத்துவ அறிஞர். 1950-ல் வெளியிட்ட நூலில், வாலிபம் தொடங்கும் வயதின் முக்கியமான வேலை தன்னை இன்னார் என்று நிறுவிக்கொள்வதே என்றார். அவருடைய வாழ்க்கையே அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. 1902-ல் ஜெர்மனியில் பிறந்தார்; பெற்ற தகப்பன் யாரென்று அவருக்குத் தெரியாது; மாற்றாந்தகப்பனின் பெயரோடு வளர்ந்தார். 1939-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்ஸன் என்று, அதாவது எரிக்கின் மகன் என்று, தமக்குத் தாமே பெயர் வைத்துக்கொண்டார். தன் பெயரைத் தானே தேடிக்கொண்ட மனிதனுக்குத்தான் பிள்ளைகளின் அந்தத் தவிப்பு புலப்பட்டது போலும்.

அசோகமித்திரன் 1977-ல் வெளியிட்ட 'பதினெட்டாவது அட்சக்கோடு' இந்தத் தவிப்பின் நாவல். நிஜாமின் கடைசி நாட்கள், செகந்தராபாத், ரஜாக்கர்களின் ஆர்ப்பாட்டம், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே வருகிறது. இவ்வளவு சரித்திரத்துக்கு நடுவே சந்திரசேகரன் என்ற பையன் கிரிக்கெட் ஆடுகிறான், கல்லூரிக்குப் போகிறான், யாரோடு சிநேகம் யாரோடு பகை என்று புரியாமல் அலைகிறான். ஆசிரியர் அவனைச் சில இடங்களில் 'நான்' என்றும் சில இடங்களில் 'அவன்' என்றும் எழுதுகிறார். வேறு நாவலில் இது எனக்கு உறுத்தியிருக்கும். இங்கே அதுதான் சரி. அந்த வயதில் நாம் கொஞ்ச நேரம் நானாக இருக்கிறோம்; கொஞ்ச நேரம் தூர நின்று நம்மையே யாரோ ஒருவனாகப் பார்க்கிறோம்.

கடைசியில், கலவரத்துக்குப் பயந்து ஒரு ஏழை முஸ்லிம் வீட்டுக்குள் புகுந்துவிடுகிறான். இவன் ஒளிய வந்தவன்; அவர்களோ, இவன் அழிக்க வந்தவன் என்று நினைக்கிறார்கள். குடும்பத்தைக் காப்பாற்ற அந்த வீட்டுச் சின்னப் பெண் தன் ஆடையைக் களைய முன்வருகிறாள். இவன் அருவருத்து, வெட்கி, வெளியே ஓடுகிறான். 'நான் யார்?' என்று கேட்டுக்கொண்டிருந்த பையனுக்கு அடுத்தவரின் பயந்த கண்களில் பதில் கிடைக்கிறது. அவன் குழந்தையில்லை, அவர்களைப் பொறுத்தவரை ஓர் ஆண், ஓர் எதிரி. வளர்ந்துவிட்டோம் என்ற செய்தி இப்படியும் ஒருவனுக்கு வந்து சேரலாம். தமிழில் பையன் ஒருவன் ஆளாவதை இதைவிட நேர்மையாகச் சொன்ன நாவலை நான் படித்ததில்லை.

அந்த வருஷங்களைக் கதாசிரியர்கள் மட்டுமல்ல, பெற்றவர்களும் உருட்டிவிடுவதுண்டு. ஆன் பிராங்க் என்ற யூதச் சிறுமி 1942-ல் தன் 13-ம் பிறந்த நாளுக்குக் கிடைத்த டயரியில் எழுத ஆரம்பித்தாள். ஆம்ஸ்டர்டாமில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒளிந்திருந்தபோதும் எழுதினாள். 1944 ஆகஸ்ட் 1-ல் எழுதிய கடைசிக் குறிப்பு, தனக்குள் இருக்கும் இரண்டு ஆன்களைப் பற்றியது. மூன்று நாளில் பிடித்துக்கொண்டு போனார்கள். முகாமில் 1945-ல் இறந்தாள். உயிர் தப்பிய தகப்பனார் 1947-ல் டயரியை வெளியிட்டபோது, அவள் தன் உடம்பைப் பற்றியும் தாயின்மேல் தனக்குள்ள கோபத்தைப் பற்றியும் எழுதிய பல பகுதிகளை விட்டுவிட்டார். முழு வாசகம் 1986-ல்தான் வெளிவந்தது. அந்தத் தகப்பனாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனைவியையும் இரண்டு பெண்களையும் பறிகொடுத்தவர். ஆனால் அவர் விட்டது எதை என்று பாருங்கள்! உடம்பும், தாயின்மேல் கோபமும். அந்த வயதின் இரண்டு சாட்சியங்களும் அவைதான். அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நல்ல பெண். திரும்பச் சேர்த்தால் கிடைப்பது உயிருள்ள பெண்.

ஒரு தவறான முடிவுக்கு வாசகர்கள் வந்துவிடக் கூடாது. இந்த வயது என்றாலே புயலும் கொந்தளிப்பும் என்று 1904-ல் ஸ்டான்லி ஹால் என்ற அமெரிக்கர் இரண்டு பெரிய வால்யூம்கள் எழுதிப் போட்டார். எழுத்தாளர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று; புயல் கதைக்கு நல்ல சரக்கு. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள், பெரும்பாலான பிள்ளைகள் அவ்வளவு பெரிய புயல் எதுவும் இல்லாமல்தான் கடந்து போகிறார்கள் என்று கண்டார்கள். பெரும்பாலான வீடுகளில் நடப்பது புயல் அல்ல. ஒரு கதவு சாத்திக்கொள்ளும். ஒரு கேள்விக்குப் பதில் வராது. அம்மா பேசிக்கொண்டே இருப்பாள், பையன் தூங்கிவிடுவான்.

கடைசியாகச் சொன்னது சத்யஜித் ராய் 1956-ல் எடுத்த 'அபராஜிதோ'வில் வருகிறது. கல்கத்தாவில் படிக்கும் அப்பு விடுமுறைக்குக் கிராமத்துக்கு வருகிறான். இரவில் தாய் தன் உடம்பு சரியில்லாததைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பிக்கிறாள், அவன் தூங்கிவிடுகிறான். இன்னொரு தடவை ஊருக்குக் கிளம்பி ஸ்டேஷன் வரை போனவன், ரயில் வந்தும் ஏறாமல், வண்டி தவறிவிட்டது என்று பொய் சொல்லித் தாயிடம் ஒரு நாள் இருக்கத் திரும்பி வருகிறான். இரண்டும் ஒரே பையன்தான். தூங்கியவனை மட்டும் பார்த்தால் கல்நெஞ்சன். திரும்பி வந்தவனை மட்டும் பார்த்தால் தாய்ப்பிள்ளை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற பொறுமை கலைஞனுக்கு இருக்கிறது. மூலநாவலை எழுதிய விபூதிபூஷண் இன்னும் ஒரு படி மேலே போனார். தாய் இறந்த செய்தி கேட்டதும் அப்புவுக்கு முதலில் தோன்றியது ஒரு விடுதலை உணர்ச்சி என்று எழுதினார். எழுதும்போது அவருக்குக் கை நடுங்கியிருக்குமோ என்று நான் நினைப்பதுண்டு. ஆனால் எழுதினார். உருட்டிவிடவில்லை.

அந்த நூலகத்து அம்மாளுக்கு இப்போது என்னால் சொல்ல முடிகிற பதில் இவ்வளவுதான்: அம்மா, கதவுக்குப் பின்னால் இருப்பவன் உங்களை வெறுக்கவில்லை. இரவோடு இரவாக ஒரு புது உடம்பு அவனுக்கு வந்துவிட்டது. கைகால்களையே இன்னும் அவன் கணக்குப் பண்ணிக்கொண்டிருக்கிறான். வெளியே ஒரு கூட்டம் அவனை ஏற்பதா தள்ளுவதா என்று தினமும் தீர்ப்புச் சொல்லுகிறது. தன் பெயர் என்ன என்று தனக்குத் தானே அவன் கேட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில், நீங்கள் 'என்னடா?' என்று கேட்டால் 'ஒன்றுமில்லை' என்பதைத் தவிர அவனிடம் வேறு வார்த்தை கிடையாது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறான் என்றீர்கள். சாப்பிடுகிறான் அல்லவா? என்றாவது ஒரு நாள் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வருவான். அன்று, ஏன் திரும்பினாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டிய பதில் வேறு. நாவலின் அடுத்த பதிப்புக்கு அந்தப் பத்தாம் அத்தியாயத்தைத் திருத்த எடுத்திருக்கிறேன். 'உருண்டோடின' என்ற வாக்கியத்தை அடித்துவிட்டேன். அதை அடிக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த இடத்தில் இதுவரை நாலு பக்கம் எழுதி மூன்று பக்கத்தைக் கிழித்திருக்கிறேன். மிச்சமுள்ள பக்கத்தில் என் பையன் படித்துறையைவிட்டு எழுந்து வீட்டுக்கு வந்திருக்கிறான். அவனுடைய கால்சராய் கணுக்காலுக்கு ஒரு விரற்கடை மேலே ஏறி நிற்கிறது. அவன் அம்மா அதை இன்னும் கவனிக்கவில்லை.